கூம்பின் ஆரையை நேரே அளக்க முடியாதபோது எப்படி எடுப்பது? (மணல் குவியல், தகர வேலை, சாதாரண தரக் கணக்கு)

மேல்மாடி
வெள்ளவத்தையில் வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறோம். ஒன்றரைக் கியூப் மணல் சொல்லியிருந்தேன். நான் வேலைக்குப் போன நேரம் டிப்பர் வந்து பக்கத்து வெறுங்காணியில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. குவியல் நல்ல வடிவான கூம்பாக நிற்கிறது. மேசன் பாஸ் பார்த்தவுடனே "ஒன்றரை வராது, ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்" என்கிறார். லொறிக்காரர் ஒன்றரை என்றே சாதிக்கிறார். இரண்டு பேருக்கும் கண்தான் டேப்.

கனவளவுச் சூத்திரம் ஞாபகம் இருக்கிறது: ⅓ × பை × ஆரை × ஆரை × உயரம். ஆனால் ஆரை தொடங்கும் இடமே மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. உயரமும் அப்படித்தான். கையில் இருப்பது ஒரு 50 அடி டேப் மட்டும். எதை அளந்து எதைக் கண்டுபிடிப்பது?

மடக்கை டீச்சர்
ஆரையை அளக்கவே வேண்டாம். குவியலின் அடியைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். அது பரிதி. பரிதியை 6.283 ஆல் (இரண்டு பை) வகுத்தால் ஆரை.

அடுத்தது சாய்உயரம். ஒரு பக்கத்து அடியிலிருந்து உச்சிக்கு மேலால் மற்றப் பக்கத்து அடிவரை டேப்பைப் போடுங்கள். அதில் பாதி சாய்உயரம். பிறகு பைதகரஸ்: உயரத்தின் வர்க்கம் = சாய்உயரத்தின் வர்க்கம் − ஆரையின் வர்க்கம். செவ்வட்டக் கூம்பில் உயரம், ஆரை, சாய்உயரம் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணி. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வரும்.

அடி, அங்குலத்தைக் கலந்து போடாதீர்கள். 6 அங்குலம் என்றால் 0.5 அடி. 100 கன அடி ஒரு கியூப்.

மேல்மாடி
நன்றி டீச்சர். பின்னேரம் மகனோடு சேர்ந்து அளந்தேன். சுற்றளவு 38 அடி. உச்சிக்கு மேலால் 14 அடி.

ஆரை 38 ÷ 6.283 = 6.05 அடி. சாய்உயரம் 7 அடி. உயரத்தின் வர்க்கம் 49 − 36.6 = 12.4, ஆகவே உயரம் 3.52 அடி. கனவளவு கிட்டத்தட்ட 135 கன அடி. அதாவது 1.35 கியூப்.

கொட்டாஞ்சேனைக்காரன்
மேசன் பாஸுக்கு ஒரு பிளேன்டீ சொல்லுங்கள் 😄

சைட் பொடியன்
பிளேன்டீ கொஞ்சம் பொறுக்கட்டும். லொறிக்காரரோடு சண்டைக்கும் இப்போதே போகாதீர்கள் அண்ணை. டீச்சர் சொன்ன முறை சரி, ஆனால் மணல் குவியலுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது.

உச்சிக்கு மேலால் டேப்பை இழுத்துப் பிடித்தால் அது உச்சி மணலை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். அளவு குறைவாக வரும். சாய்உயரம் 7 அடிக்குப் பதிலாக 7 அடி 3 அங்குலம் என்று வைத்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். உயரம் 4 அடி, கனவளவு 153 கன அடி! வெறும் 3 அங்குலத்துக்குள் மேசன் பாஸும் வெல்லலாம், லொறிக்காரரும் வெல்லலாம்.

காரணம் அந்தக் கழித்தலில் இருக்கிறது. 49 இலிருந்து 36.6 ஐக் கழிக்கிறோம். கிட்டக்கிட்ட இருக்கும் இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் மிஞ்சுவது சின்ன எண், ஆனால் அளவில் வந்த பிழை முழுதாக அதில் வந்து குந்திக்கொள்ளும். மணல் குவியல் பதிந்த கூம்பு. ஆரைக்கும் சாய்உயரத்துக்கும் ஓர் அடிதான் வித்தியாசம். பிறந்தநாள் தொப்பி மாதிரி ஒடுங்கி உயர்ந்த கூம்பென்றால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே டேப் கொஞ்சம் பிசகினாலும் உயரம் பெரிதாக மாறாது.

ஆகவே உயரத்தை நேரே எடுங்கள். வேலை நடக்கிற இடத்தில் அலவாங்கு இருக்கும். உச்சியில் செங்குத்தாகப் பிடித்து நிலம் தட்டும்வரை இறக்கி, மணல் தொடும் இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு உருவி அளவுங்கள். நிலம் மெத்தென்று இருந்தால் அலவாங்கு உள்ளே போய்விடும். அப்படியென்றால் உச்சியில் ஒரு நேரான சலாகையைப் படுக்கையாக வைத்து, மட்டம் பார்த்து, வெளி நுனியிலிருந்து நிலத்துக்கு அளக்கலாம்.

மேல்மாடி
தம்பி சொன்னபடி அலவாங்கு போட்டுப் பார்த்தாயிற்று. பழைய சீமெந்துத் தரை என்பதால் "டங்" என்று நின்றது. உயரம் 3 அடி 10 அங்குலம். கணக்கு 147 கன அடிக்கு வருகிறது. மேசன் பாஸிடம் சொன்னேன், சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சந்தேகம்
குவியலின் உச்சி ஊசி மாதிரி இருக்காதே. மொட்டையாகத்தானே இருக்கும்? அந்த மொட்டைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்?

சைட் பொடியன்
ஒன்றும் கழிக்கத் தேவையில்லை. கூம்பின் மேல் பாதி உயரத்தில் இருப்பது மொத்தக் கனவளவில் எட்டில் ஒன்றுதான். மேல் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் இருப்பது ஆயிரத்தில் ஒன்று. உச்சியை ஒரு பூனை வந்து கலைத்துவிட்டுப் போனாலும் இரண்டு கைப்பிடிதான் பிழைக்கும். (உச்சி நன்றாகவே மொட்டையென்றால் அலவாங்கு அளவு கொஞ்சம் குறைவாக வரும். அப்போது சரிவு நேராகப் போனால் எங்கே முடியும் என்று கண்மட்டத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் கூட்டலாம்.)

அடிதான் முக்கியம். ஆரை வர்க்கமாகப் போவதால் அதில் 2 வீதம் பிழைத்தால் கனவளவில் 4 வீதம் பிழைக்கும். ஆகவே டேப்பைச் சுற்றும்போது அடியில் மெல்லியதாகச் சிதறிக் கிடக்கும் மணலைச் சேர்க்கக் கூடாது. சரிவு முடிந்து தட்டையாகும் கோட்டில் பிடிக்க வேண்டும். முதலில் ஒரு கயிற்றை அந்தக் கோட்டில் போட்டுவிட்டு, கயிற்றை நீட்டி அளந்தால் இன்னும் நல்லது.

ஆரையைத் தனியாக எடுக்காமலும் போடலாம்: பரிதி × பரிதி × உயரம் ÷ 37.7. அந்த 37.7 என்பது 12 பை. மேல்மாடி அண்ணையின் பரிதியே 38 என்பதால் 38 உம் 37.7 உம் ஏறத்தாழ வெட்டுப்பட்டு, வெறும் 38 × 3.83 என்று மனதிலேயே போட்டுவிடலாம்.

தகர வேலை
விட்டத்தை நேரே எடுக்கவும் வழி இருக்கிறது. இரண்டு பலகையைக் குவியலின் இரு பக்கத்திலும் அடியைத் தொட்டபடி நிமிர்த்தி வையுங்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில், குவியலின் உச்சிக்கு மேலே டேப்பைக் கிடையாகப் பிடித்தால் விட்டம். குறுக்கேயும் ஒருமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். கொட்டின மணல் எப்போதும் டிப்பர் நின்ற பக்கமாகக் கொஞ்சம் நீண்டிருக்கும்.

மேல்மாடி
ஒரு பக்கம் 12 அடி 4 அங்குலம், குறுக்கே 11 அடி 9 அங்குலம். சராசரியில் பாதி 6.02. டேப்பைச் சுற்றி எடுத்தது 6.05. இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

தரம் 11
டீச்சர், இதற்குள் ஒரு கணக்குக் கேட்கலாமா? மாதிரி வினாத்தாளில் வந்தது. ஆரை 10 செ.மீ., மையக்கோணம் 216° உள்ள ஆரைச்சிறை வடிவக் கடதாசியை மடித்துக் கூம்பு செய்கிறார்கள். கூம்பின் ஆரையைக் காண்க. ஆரை 10 என்று கேள்வியிலேயே தந்திருக்கிறார்களே? விடையில் 6 என்று இருக்கிறது.

மடக்கை டீச்சர்
தாராளமாகக் கேளுங்கள் மகள். வகுப்பில் பாதிப்பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கடதாசியை வெட்டி, கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். மடித்த பிறகு கடதாசியின் 10 செ.மீ. விளிம்பு எங்கே போய் நிற்கிறது? உச்சியிலிருந்து கீழ் விளிம்புவரை சாய்ந்து நிற்கிறது. ஆகவே அந்த 10 கூம்பின் சாய்உயரம். கடதாசியின் வளைந்த ஓரம், அதாவது வில், மடித்ததும் கூம்பின் அடி வட்டமாகிறது. வில்லின் நீளம்தான் அடியின் பரிதி.

முழு வட்டமாக இருந்திருந்தால் பரிதி 2 × பை × 10. நமக்கு இருப்பது அதில் 360 க்கு 216 பங்கு, அதாவது ஐந்தில் மூன்று. கூம்பின் பரிதி 2 × பை × ஆரை. இரண்டையும் சமப்படுத்தினால் 2 உம் பையும் இரு பக்கமும் வெட்டுப்பட்டு, ஆரை = 10 × 216 ÷ 360 = 6. இதில் பை வராது. பைக்கு 22/7 போட்டு நேரத்தை வீணாக்கி, தசமதானத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சாய்உயரம் 10, ஆரை 6, ஆகவே உயரம் 8. வளைந்த மேற்பரப்பு பை × 6 × 10 = 60 பை. அடி வட்டம் 36 பை. மொத்தம் 96 பை சதுர செ.மீ. கனவளவு ⅓ × பை × 36 × 8 = 96 பை கன செ.மீ. எண் ஒன்றாக வந்தது தற்செயல். அலகு வேறு, அலகை எழுதாமல் விட்டால் புள்ளி போகும்.

திருப்பியும் கேட்பார்கள்: கூம்பைத் தந்து, விரித்தால் மையக்கோணம் எவ்வளவு? கோணம் = 360 × ஆரை ÷ சாய்உயரம். அவ்வளவுதான்.

தரம் 11
விளங்குது டீச்சர். கனவளவைத் தந்து ஆரையைக் கேட்டால்?

மடக்கை டீச்சர்
உயரமும் தந்திருந்தால் இலகு. மூன்று மடங்கு கனவளவை பை × உயரத்தால் வகுத்து வர்க்கமூலம். மடக்கை அட்டவணை இருக்கும்போது வர்க்கமூலத்துக்குப் பயம் எதற்கு, மடக்கையை இரண்டால் வகுத்தால் முடிந்தது. உலோகக் கூம்பை உருக்கிக் கோளம் வார்க்கும் கேள்விகளிலும் இதேதான், அங்கே கனமூலம் என்பதால் மூன்றால் வகுப்போம்.

மொத்த மேற்பரப்பையும் சாய்உயரத்தையும் தந்தால் ஆரைக்கு ஓர் இருபடிச் சமன்பாடு வரும். மேலே உள்ள கூம்பிலேயே பாருங்கள்: ஆரை × ஆரை + 10 × ஆரை = 96. காரணியாக்கினால் 6 உம் −16 உம். நீளம் மறையாக இருக்காது, ஆகவே 6.

ஒரு சந்தேகம்
"இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வரும்" என்று முதலில் சொன்னீர்கள் டீச்சர். எந்த இரண்டும் போதுமா? சாய்உயரமும் கனவளவும் தெரிந்தால்?

இரவு போட்டுப் பார்த்தேன். சாய்உயரம் 10, கனவளவு அதே 96 பை என்று வைப்போம். ஆரை 6, உயரம் 8 ஒரு விடை. ஆனால் ஆரை 9.47, உயரம் 3.21 என்று வைத்தாலும் சாய்உயரம் 10, கனவளவு 96 பை! ஒன்று நிமிர்ந்த கூம்பு, மற்றது பீரிஸ் மாதிரிப் பதிந்தது. அளவுகள் இரண்டும் ஒன்று, கூம்பு இரண்டு.

மடக்கை டீச்சர்
அருமை. நான் சொன்னது ஆரை, உயரம், சாய்உயரம் என்ற மூன்றுக்குள் எந்த இரண்டும் என்பதுதான். கனவளவு உள்ளே வந்தால் நீங்கள் சொன்னபடி இரண்டு விடை வரலாம். உயரத்துக்கு ஒரு முப்படிச் சமன்பாடு வரும். அதில் 8 ஒரு மூலம் என்று தெரிந்தால் மிச்சம் இருபடி, அதன் நேர் மூலம்தான் உங்கள் 3.21.

இரண்டு விடையும் ஒன்றாகச் சேரும் ஓர் இடம் உண்டு. அந்தச் சாய்உயரத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய கனவளவு அது. அப்போது உயரம் = சாய்உயரம் ÷ √3. கடதாசியில் சொன்னால் மையக்கோணம் ஏறத்தாழ 294°. முழு வட்டத்திலிருந்து 66° துண்டை வெட்டி எறிந்துவிட்டு மடித்தால் கிடைப்பதுதான் ஆகப் பெரிய கூம்பு.

கொட்டாஞ்சேனைக்காரன்
காலிமுகத் திடலில் கடலை விற்பவருக்கு இது தெரியும். அதனால்தான் அவர் சுருளை அப்படி மடிப்பதே இல்லை.

தரம் 11
😂 டீச்சர், அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வருகிறது?

மடக்கை டீச்சர்
கூம்பால் தண்ணீர் மொண்டு, அதே அடியும் அதே உயரமும் உள்ள உருளைக்குள் ஊற்றுங்கள், மூன்று முறையில் நிரம்பும். இது கண்ணால் காணும் சாட்சி, நிறுவல் அல்ல. நிறுவியவர் யூடொக்சஸ் என்றும், நிறுவாமல் முதலில் சொன்னவர் டெமோக்கிரிட்டஸ் என்றும் ஆர்க்கிமிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். உயர்தரத்தில் கணிதம் எடுத்தால் தொகையீட்டில் மூன்று வரியில் வரும்.

தகர வேலை
பிள்ளைகளின் கணக்கு முடிந்ததென்றால் என் பக்கத்தையும் சொல்கிறேன். எங்களிடம் முழுக் கூம்பு கேட்டு யாரும் வருவதில்லை. புனல், விளக்கு மூடி, வாளி, எல்லாம் தலை வெட்டின கூம்புதான். அதை விரித்து வெட்டத் தெரியாமல் தகடு நாசமாக்கும் புதுப் பொடியன்கள் நிறைய.

ஒரு விளக்கு மூடி என்று வையுங்கள். மேல் விட்டம் 20 செ.மீ., கீழ் விட்டம் 40, சாய்வு 25. புதுசாக வருகிறவன் தகட்டில் 25 செ.மீ. ஆரைக்கு வட்டம் கீறுவான். வளைத்தால் வாய் பொருந்தாது. வெட்டுப்பட்ட தலையை மனதில் திரும்பவும் வைக்க வேண்டும். கீழ் ஆரை 20, மேல் ஆரை 10. 25 செ.மீ. சாய்வில் ஆரை 10 குறைகிறது, ஆகவே மிச்சம் 10 உம் குறைந்து ஊசியாக இன்னும் 25 வேண்டும். முழுச் சாய்வு 50. ஆணியடித்து, நூல் கட்டி, 50 இல் ஒரு வில், அதே ஆணியில் 25 இல் ஒரு வில். கோணம் 360 × 20 ÷ 50 = 144°.

பட்டறையில் பாகைமானி எங்கே இருக்கிறது? கீழ் வாயின் சுற்றளவு 40 × 3.1416 = 125.7 செ.மீ. அந்த நீளத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை வெட்டி, வெளி வில்லின் மேல் படிய வளைத்து வைத்து, முடியும் இடத்தில் கீறு. அங்கிருந்து ஆணிக்கு ஒரு நேர்கோடு. முடிந்தது. ஓரத்தில் மடிப்புக்குத் தகடு விட மறக்கக் கூடாது. கணக்கில் அது வராது, ஆனால் இல்லாமல் ஒட்டவும் முடியாது.

மேல்மாடி
ஐயா, அதே அளவில் வாளி செய்தால் எத்தனை லீற்றர்?

தகர வேலை
உயரம் பைதகரஸில் 22.9 வரும். ⅓ × பை × உயரம் × (20×20 + 20×10 + 10×10). 16.8 லீற்றர். சிலர் சராசரி ஆரை 15 என்று வைத்து உருளையாகப் போடுவார்கள், அது 16.2 தான் காட்டும். அரை லீற்றருக்கு மேல் வித்தியாசம்.

சீமெந்துக் கை
எல்லோரும் குவியலை அளக்கிறீர்கள். மணல் ஈரமா காய்ந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈர மணல் ஊதும். மணலின் ஒவ்வொரு மணியிலும் தண்ணீர் படலமாக ஒட்டி மணிகளைத் தள்ளி வைக்கும். ஏறத்தாழ 5 வீதம் ஈரம் இருந்தால் 20 இலிருந்து 30 வீதம்வரை கூட இடம் பிடிக்கலாம், நுண்மணல் என்றால் இன்னும் கூட. வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் முழுக்க மூழ்கினால் திரும்பவும் காய்ந்த அளவுக்கே இறங்கிவிடும்.

ஒரு போத்தலில் மணலைத் தட்டாமல் போட்டு உயரத்தைக் குறித்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடையவிட்டுப் பாருங்கள். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவும் நீங்கள் காசு கொடுத்த காற்று.

மேல்மாடி
சரி, இப்போதுதான் மேசன் பாஸ் சொன்னது விளங்குகிறது. அவரிடம் திரும்பக் கேட்டேன். குவியலைப் பார்த்துச் சொல்லவில்லையாம், கையில் அள்ளிப் பிசைந்து பார்த்துத்தான் ஒன்றேகால் என்றாராம். போத்தல் பரிசோதனையில் 10 செ.மீ. மணல் 8.6 க்கு இறங்கியது. 147 இல் அந்த விகிதத்தை எடுத்தால் 126. லொறிக்காரர் கொட்டியதும் சரி, பாஸ் சொன்னதும் சரி.

சைட் பொடியன்
அதனால்தான் கலவை போடும்போது பெட்டிக் கணக்கில் மணலைக் கொஞ்சம் கூட்டச் சொல்வது. லொறிக்காரரோடு பேச இனி ஒன்றும் இல்லை. விற்கிறவர்கள் ஊதின அளவுக்குத்தான் கியூப் சொல்வார்கள். அடுத்தமுறை காய்ந்த மணல் பார்த்து எடுங்கள், அல்லது விலை பேசும்போதே ஈரத்தைச் சொல்லிப் பேசுங்கள்.

புறக்கோட்டை ஸ்டோர்
எங்களுக்கு இந்தக் குவியல் வசதி இல்லை. இடம் இல்லாமல் மதில் மூலையில்தான் கொட்டுவார்கள். சுற்றி டேப் பிடிக்க வழியில்லை. அரைக் கியூப் சொன்னது. அதற்கு என்ன கணக்கு?

சைட் பொடியன்
மூலையில் நிற்பது கால் கூம்பு. ஒரு மதிலிலிருந்து மற்ற மதில்வரை அடியின் வளைவை மட்டும் அளவுங்கள். உயரம் மூலையில், மதிலிலேயே தெரியும், அலவாங்கும் தேவையில்லை. ஆரையும் மதிலோரமாக நேரே அளக்கலாம், ஒரு விதத்தில் உங்களுக்குத்தான் வசதி. வளைவு × வளைவு × உயரம் ÷ 9.42. நேர் மதிலில் சாய்ந்த அரைக் கூம்பென்றால் 9.42 க்குப் பதிலாக 18.85. மூலை செங்கோணமாக இருந்தால்தான் 9.42 சரி, பழைய கட்டிடங்களில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டை ஸ்டோர்
வளைவு 11 அடி, உயரம் நாலரை. 121 × 4.5 ÷ 9.42 = 57.8 கன அடி. மதிலோரம் ஆரை 7 அடி, அதுவும் ஒத்துப்போகிறது. மணல் ஈரம்தான், போத்தலில் போட்டுவிட்டு வருகிறேன்.